யார் சொல்லித் தெரிந்தது?

மாற்றுத்திறன் கொண்ட குழந்தையை வளர்க்கும் குடும்பங்களுக்குத் தமிழ்நாட்டில் என்ன கிடைக்கிறது என்று எழுதப் புகுவோரில் ஒரு சாரார் திட்டங்களை எண்ணிக் காட்டுவார்கள். மறு சாரார் விடுபட்டவற்றை எண்ணிக் காட்டுவார்கள். எண்ணிக்கைதான் அளவுகோல் என்பதில் இரு சாராருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அந்த அளவுகோலே போதாது என்பது என் கட்சி. ஒரு சேவை அரசாணையில் இருப்பது ஒன்று, தேவைப்படுகிற வீட்டுக்கு அது தெரிந்திருப்பது வேறொன்று. பயன்பெறும் எந்தத் தாயிடமும் ஒரு கேள்வி கேட்டால் போதும்: இப்படி ஒன்று இருப்பது உங்களுக்கு யார் சொல்லித் தெரிந்தது? பிள்ளையைப் பார்த்த டாக்டர், அங்கன்வாடி டீச்சர், கிராம சுகாதாரச் செவிலியர் என்று பதில் வந்தால் அமைப்பு இயங்குகிறது. “தெரபிக்கு வந்த இன்னொரு பிள்ளையோட அம்மா சொன்னாங்க” என்று வந்தால், அந்த இன்னொரு அம்மாதான் அமைப்பு, மற்றதெல்லாம் கட்டடம். இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு, பிறப்பு முதல் பதினெட்டு வயது தாண்டும்வரை உள்ள சேவைகளை எடைபோட்டுப் பார்க்கலாம்.

சட்டத்தின் தரத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே ஏற்றது. 2016இல் நிறைவேறி 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை இருபத்தொன்றாக்கியது. ஆட்டிசமும் தசைச்சிதைவும் கற்றல் குறைபாடும் தலசீமியாவும் உள்ளே வந்தன. அதைவிட முக்கியமாக, பராமரிப்பாளர் யார் என்பதற்கு அச்சட்டம் இலக்கணம் வகுத்தது: ஊதியம் பெற்றோ பெறாமலோ கவனித்துக்கொள்பவர், பெற்றோர் உட்பட. கூலியில்லாத வீட்டு உழைப்பைச் சட்டம் பெயர் சொல்லிக் குறித்த இடம் அது. ஆனால் அதே சட்டத்தின் 24ஆம் பிரிவு சமூகப் பாதுகாப்புத் திட்டங்களை அரசின் பொருளாதாரத் திறனுக்கு உட்பட்டவையாக்கித் தளர்த்திவிடுகிறது. தளர்த்தாமல் விட்டது ஒரே ஒரு கணக்கை: பிறருக்கான இதே போன்ற திட்டத்தில் தருவதைவிட 25 விழுக்காடாவது கூடுதலாகத் தர வேண்டும். 2023இல் தமிழ்நாட்டு முதியோர் ஓய்வூதியம் 1200 ரூபாயாகவும் வருவாய்த் துறையின் மாற்றுத்திறனாளிகள் ஓய்வூதியம் 1500 ரூபாயாகவும் உயர்ந்தன. கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக 25 விழுக்காடு. சட்டத்தை மதித்ததாக இதைப் பாராட்டலாம். சட்டம் சொன்ன குறைந்தபட்சத்தோடு நின்றுவிட்டதாகக் குறையும் சொல்லலாம். இரண்டும் பொருந்தும்.

கண்டறியும் கட்டத்தில் அரசுக்கு நல்ல மதிப்பெண் தர வேண்டும். 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கு ஆண்டில் இருமுறையும் பள்ளிகளுக்கு ஒருமுறையும் போவது என்பது ஏற்பாடு. பிறவிக் குறை, சத்துக்குறை, நோய், வளர்ச்சித் தாமதம் என்ற நான்கையும் பார்த்து, சந்தேகப்படும் பிள்ளையை மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்புகிறார்கள். குழந்தை மருத்துவர், பிசியோ, பேச்சுப் பயிற்சியாளர், உளவியலாளர், சிறப்பாசிரியர் அனைவரையும் ஒரே இடத்தில் வைப்பது அந்த மையத்தின் வரைவு. இந்த முறையின் முழு அழகையும் காது கேளாமையில் பார்க்கலாம். பிறவியிலேயே செவித்திறன் இல்லாத சிறு குழந்தைக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி பொருத்துகிறார்கள். அறுவைக்குப் பின்பான கேட்டுப் பேசும் பயிற்சியும் அந்த ஏற்பாட்டில் அடக்கம். சோதனை முடிந்த இடத்தில் அறுவை, அறுவை முடிந்த இடத்தில் பயிற்சி என்று ஒன்றோடொன்று கோத்திருக்கிறது. யார் சொல்லித் தெரிந்தது என்று இங்கே கேட்டால் ‘ஆஸ்பத்திரியிலேயே சொன்னார்கள்’ என்ற பதிலை எதிர்பார்க்கலாம்.

மூளை முடக்குவாதத்தில் அந்தக் கோவை அறுந்துபோகிறது. காக்ளியருக்கு ஒரு விலை உண்டு, ஒரு தேதி உண்டு, செய்துமுடித்தோம் என்று கணக்கில் எழுத ஓர் அறுவை உண்டு. முடக்குவாதக் குழந்தைக்கு வேண்டியது வாரத்துக்குச் சில நாள் வீதம் ஆண்டுக்கணக்கில் நீளும் பயிற்சி. மையம் மாவட்டத் தலைநகரில். வீடு ஏதோ ஒரு மலையடிவாரத்தில். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு இரண்டு பஸ் மாற வேண்டும். பஸ் பாஸ் டிக்கெட்டை மிச்சப்படுத்தும். போன நாளின் கூலியைத் திருப்பித் தராது. சீட்டு எழுதிக் கொடுத்தவரின் கடமை சீட்டோடு முடிகிறது. அந்தப் பிள்ளை வந்ததா, மூன்று முறை வந்துவிட்டு ஏன் நின்றது என்று கேட்பது நடைமுறையில் எவருடைய அன்றாட வேலையாகவும் இல்லை. மருத்துவர்களின் மனசாட்சியை இதற்குக் குற்றம் சொல்வதில் பயனில்லை. வரைவு கண்டுபிடிப்பதை ஒரு செயலாகவும் தொடர்வதை ஒரு நல்லெண்ணமாகவும் கருதியிருக்கிறது.

அடுத்தது சான்று. குடும்பத்தின் நேரம் அதிகம் கரைவது இங்கேதான் என்பதால் சற்று நின்று பார்க்க வேண்டும். பேச்சில் யுடிஐடி கார்டு என்று வழங்கும் தனித்துவ அடையாள அட்டை, பழைய பாஸ்புக்கைவிட எல்லா வகையிலும் மேல். நாடு முழுதும் செல்லுபடியாகும். 2021 ஜூன் முதல் சான்று வழங்குவதும் இணையவழியே என்றாகிவிட்டது. பாதிப்பு 40 விழுக்காட்டுக்குக் கீழே என்றால் அட்டை வெள்ளை, 40 முதல் 80க்குள் மஞ்சள், அதற்கு மேல் நீலம். பள்ளிக் கல்வித் துறை வட்டாரந்தோறும் நடத்தும் மருத்துவ முகாம்கள் டாக்டர்களையே பக்கத்து ஊருக்குக் கொண்டுவருகின்றன. இவ்வளவும் நிறை.

முகாம் எப்படி நடக்கும் என்பது அங்கே போய்வந்த எவருக்கும் தெரியும். ஒரு பள்ளி வகுப்பறை; எலும்பு டாக்டருக்கு ஒரு மேசை, காது மூக்கு தொண்டைக்கு ஒன்று, மனநலத்துக்கு ஒன்று. தாய்மார் கையில் பட்டன் வைத்த பிளாஸ்டிக் ஃபைல். அதற்குள் பிரசவ ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரி, ஆதார் நகல், ரேஷன் கார்டு நகல், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, கடன் வாங்கி எடுத்த எம்ஆர்ஐ. அந்தச் சத்தத்தில் ஆட்டிசம் உள்ள ஆறு வயதுப் பையன் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் புகுந்துவிடுகிறான். அவன் பேச்சையும் பழக்கத்தையும் அந்த நிமிடத்தில் மதிப்பிட்டாக வேண்டும். நுண்ணறிவுச் சோதனையும் ஆட்டிசத்துக்கான இந்திய அளவீடும் விதியில் இருக்கின்றன. அவற்றை நிதானமாகச் செய்வதற்கான நேரம் அந்த வகுப்பறையில் இல்லை. சிறு குழந்தைக்குப் பெரும்பாலும் தற்காலிகச் சான்றுதான் தருவார்கள் என்பதால், சில ஆண்டு கழித்து அதே ஃபைலோடு அதே வரிசையில் நிற்க வேண்டும்.

நேரப் பற்றாக்குறை நடத்துவதில் உள்ள குறை. ஆள் கூட்டினால் தீரும். முறையிலேயே உள்ள குறை வேறு. விழுக்காடு என்பது அரசின் கேள்விக்கு விடை. யாருக்கு எவ்வளவு என்று பங்கிட ஓர் எண் தேவை, அதில் நியாயமும் உண்டு. குடும்பம் வந்தது ‘அடுத்து என்ன’ என்று கேட்க. அதற்குப் பதில் சொல்ல அந்த மேசைகளில் ஒன்றும் ஒதுக்கப்படவில்லை. போதாக்குறைக்கு, எண் கூடினால் உதவி கூடும் என்ற ஏற்பாடு பிள்ளையின் முன்னேற்றத்தைப் பெற்றோருக்கு நஷ்டமாக்குகிறது. ‘இப்பல்லாம் தானா எடுத்துச் சாப்பிடுறான்’ என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கும் தாயை, உள்ளே போய் அதைச் சொல்லிவிடாதே என்று வரிசையில் முன்னே நிற்பவள் எச்சரிக்கிறாள். அந்த எச்சரிக்கை தப்பு என்று எப்படிச் சொல்வது? பிள்ளையின் வளர்ச்சியை மறைத்தால் லாபம் என்ற நிலையை உண்டாக்கும் அளவீடு, அளவீடு என்ற முறையிலேயே பழுதுபட்டது.

உதவித்தொகையின் கதை சிறியது. அறிவுசார் குறைபாடு, கடும் பாதிப்பு, தசைச்சிதைவு போன்ற பிரிவுகளுக்கு மாற்றுத்திறனாளிகள் நலத் துறை மாதம் 2000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. முன்னே சொன்ன 1500 ரூபாய் ஓய்வூதியம் வருவாய்த் துறையுடையது. இரண்டில் ஒன்றுதான் வாங்கலாம். ஒன்றுக்கு மனு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில், மற்றதற்கு வட்டாட்சியர் அலுவலகத்தில். குறைந்த தொகையின் கவுன்டரில் நிற்பவருக்கு ‘உங்கள் பிள்ளைக்கு அங்கே போனால் 500 ரூபாய் கூடுதலாகக் கிடைக்கும்’ என்று சொல்லும் கடமை இரண்டு இடத்திலும் யாருக்கும் இல்லை. கேரளத்தின் ஆஸ்வாசகிரணம் திட்டத்தை இங்கே ஒப்பிடுவது தகும். அது தரும் 600 ரூபாய் அற்பத் தொகை. ஆனால் படுத்த படுக்கையாக இருப்பவரைப் பார்த்துக்கொள்வதால் வேலைக்குப் போக முடியாதவருக்கென்று அது தரப்படுகிறது. தொகையில் தமிழ்நாடு முன்னே. யாருடைய இழப்புக்காகத் தருகிறோம் என்ற தெளிவில் கேரளம் முன்னே.

தொண்டு நிறுவனங்களின் பக்கம் வந்தால் தராசு எதிர்ப்பக்கம் சாய்கிறது. சென்னையில் பால வித்யாலயா 1969இல், வித்யாசாகர் 1985இல், மதுரம் நாராயணன் மையம் 1989இல் தொடங்கியவை. இவற்றின் பொதுவான பங்களிப்பு ஒன்று: பிள்ளைக்கு மட்டும் பயிற்சி தந்து வீட்டுக்கு அனுப்பாமல், தாயையும் வகுப்பில் உட்காரவைத்தார்கள். வாரத்தில் சில மணி நேரம் தெரபிஸ்ட் கையிலும் மீதி நேரமெல்லாம் வீட்டிலும் இருக்கிற பிள்ளைக்கு யார் கை பழக வேண்டும் என்ற கணக்கு அவர்களுக்கு முதலிலேயே பிடிபட்டது. வித்யாசாகரைத் தொடங்கிய பூனம் நடராஜன் முடக்குவாதம் கொண்ட பிள்ளையின் தாய். பின்னாளில் தேசிய அறக்கட்டளைக்குத் தலைமை ஏற்றவர். அறிவு வந்த திசையை இது காட்டுகிறது. குறை, இந்த மூன்றும் சென்னையில் இருப்பதுதான். 2005இல் முட்டுக்காட்டில் வந்த பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனமும் சென்னைக்கு அருகேதான். ராமநாதபுரத்துக் குடும்பத்துக்கு இவை பெயர்ப்பலகைகள்.

அந்த எல்லையை முறைப்படி உடைத்தது ஆய்க்குடி. கடற்படை அதிகாரித் தேர்வில் 1975இல் காயமுற்றுக் கழுத்துக்குக் கீழ் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், தென்காசிச் சீமையின் அந்த ஊரில் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம், குழந்தையை மையத்துக்கு வரச்சொல்வதை விட்டுவிட்டு மையத்தை வீட்டுக்கு அனுப்பியது. கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி தந்து மறுவாழ்வுப் பணியாளர்களாக்குகிறார்கள். கையில் ஒரு செயலி. பிசியோவும் பேச்சுப் பயிற்சியாளரும் பின்னாலிருந்து அதன் வழியே மேற்பார்க்கிறார்கள். இதன் பலன் சிறிய விஷயங்களில் தெரியும். முடக்குவாதக் குழந்தையை மடியில் மல்லாத்திப் போட்டு, தலை பின்னால் சாய்ந்த நிலையில் கஞ்சி ஊட்டுவது வீடுகளில் சாதாரணம். கஞ்சி மூச்சுக்குழலில் இறங்கும், பிள்ளைக்குத் திரும்பத் திரும்பச் சளி பிடிக்கும், சளிக்கு மருந்து வாங்கிக்கொண்டே இருப்பார்கள். நிமிர்த்தி உட்காரவைத்து, பழைய சேலையைச் சுருட்டி இரு பக்கமும் அண்டைகொடுத்து, முகவாயைச் சற்றே கீழே தாழ்த்திப் பிடித்து ஊட்டக் காட்டிக்கொடுக்க அந்த வீட்டுத் திண்ணையில் ஓர் ஆள் உட்கார்ந்தால் போதும். மாவட்ட மையத்தில் இதைச் சொல்லலாம். அந்தச் சேலையையும் அந்தச் சுவரையும் பார்த்துச் சொல்ல முடியாது.

ஆய்க்குடி முறையைக் கேள்வியின்றி ஏற்பதும் திறனாய்வு ஆகாது. குறுகிய பயிற்சி பெற்ற பணியாளரின் கண்ணுக்குத் தப்புவன உண்டு. நடக்காத முடக்குவாதக் குழந்தையின் இடுப்பு மூட்டு மெல்ல நழுவும். அதை எக்ஸ்ரே சொல்லும், கண் சொல்லாது. லேசான வலிப்பு வெறும் வெறித்த பார்வையாகத் தோன்றும். இந்த இடங்களில் வீட்டு முறைக்கு ஆஸ்பத்திரியோடு நல்ல இணைப்பு தேவை. நன்கொடையையும் ஆய்வு நிதியையும் நம்பியிருக்கும் அமைப்பால் மாநிலம் முழுதும் அந்த இணைப்பைத் தர முடியாது, அப்படி எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

பள்ளியைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வி உரிமை, வீட்டிலேயே கல்வி, தேர்வில் கூடுதல் நேரம், எழுதித் தர ஆள் என்று சலுகைகள் முறையாகவே இருக்கின்றன. தொடக்கப் பள்ளியில் பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், மேலே பதினைந்துக்கு ஒருவர் என்ற விகிதத்தை உச்ச நீதிமன்றம் 2021இல் உறுதிசெய்தது. நடப்பில் வட்டார வள மையத்தின் ஒருசில சிறப்புப் பயிற்றுநர்கள் வட்டாரம் முழுதையும் சுற்றுகிறார்கள், அதுவும் தொகுப்பூதியத்தில். குடும்பங்களுக்குத் தகவல் சொல்வதில் அரசுப் பணியாளர்களில் இவர்களே முதன்மையானவர்கள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மிகக் குறைந்த உறுதியோடு வேலை பார்ப்பவர்கள் தோளில் மிக அதிகமான பொறுப்பு.

பதினெட்டு வயதில்தான் எல்லாம் ஒன்றாக விழுகிறது. பள்ளி முடிகிறது, வீட்டுக் கல்வி நிற்கிறது, சிறார் திட்டம் விலகுகிறது. அதே நாளில் சட்டத்தின் கண்ணில் பிள்ளை வயது வந்தவராகிறார். அதுவரை இயல்பாகக் கையெழுத்திட்ட தாய் வங்கியில் அந்நியராகிறார். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்கு 1999ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வழி வைத்திருக்கிறது: ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் மனுச் செய்து சட்டப்படியான காப்பாளர் ஆகலாம். நீதிமன்றப் படியேறாமல் முடியும் இந்த ஏற்பாடு ஓர் அரிய சாதனை. அதே அறக்கட்டளையின் நிரமயா காப்பீடும் அப்படித்தான். 1 லட்சம் ரூபாய்வரை, முன்சோதனை இல்லாமல், தெரபிச் செலவையும் சேர்த்து. ஆனால் இங்கே சட்டங்களே ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. அறக்கட்டளைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு காப்பாளரை நியமிக்கிறது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு, அதுவும் தற்செயலாக 14, வரம்புக்குட்பட்ட காப்பாளர் பொறுப்பை மட்டுமே ஏற்கிறது, அவரவர் விருப்பத்தைக் கேட்டு முடிவெடுக்கச் சொல்கிறது. இரண்டாவது கோட்பாட்டில் உயர்ந்தது, முதலாவது கவுன்டரில் வேலை செய்வது. எதை எப்போது நாடுவது என்று பதினேழு வயதிலேயே சொல்லிவைக்க ஆள் இல்லாததால், வங்கி மேலாளர் திருப்பி அனுப்பிய பிறகு, பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் கேட்டுத்தான் பலர் தெரிந்துகொள்கிறார்கள். நான் அளந்த எல்லாக் கட்டங்களிலும் இதற்கே மிகக் குறைந்த மதிப்பெண். மற்ற கட்டங்களில் என்ன நேரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. இந்தக் கட்டமோ பிறந்த தேதியிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

இந்தப் பின்னணியில்தான், உலக வங்கி 2022இல் ஒப்புதல் தந்த கடனோடு நடக்கும் தமிழ்நாடு உரிமைகள் திட்டத்தை மதிப்பிட வேண்டும். வீடு வீடாகக் கணக்கெடுப்பு, ‘விழுதுகள்’ என்ற பெயரில் பல தெரபிகளையும் ஒரே இடத்தில் தரும் சேவை மையங்கள், எட்டாத ஊர்களுக்குச் சிகிச்சை வாகனம், களப் பணியாளர்கள். நான் மேலே காட்டிய முறைக்குறைகளில் பெரும்பாலானவற்றை இதை வரைந்தவர்கள் முன்னமே கண்டிருக்கிறார்கள். ஆய்க்குடிகளிடம் கற்றதும் தெரிகிறது. மக்களைத் தேடி மருத்துவத்தின் மூலம் வீட்டுக்கே பிசியோவை அனுப்பிப் பழகிய அரசுக்கு இது புதிய வித்தையும் அல்ல. வரைவு என்ற அளவில், கண்டறிவதையும் தொடர்வதையும் ஒரே ஆளின் பொறுப்பாக நினைத்த முதல் அரசு முயற்சி என்று இதைச் சொல்வேன்.

தீர்ப்பு இப்படி அமையும். அரசின் பழைய ஏற்பாடுகள் பரப்பில் முதல் தரம், கோவையில் மூன்றாம் தரம். தொண்டு நிறுவனங்கள் முறையில் முதல் தரம், பரப்பில் மூன்றாம் தரம். உரிமைகள் திட்டம் இரண்டின் நிறைகளையும் சேர்க்கப் புறப்பட்டிருக்கிறது, இரண்டின் குறைகளையும் சேர்த்துக்கொள்ளும் வாய்ப்பும் அதற்கு உண்டு. திறக்கப்பட்ட மையங்களை வைத்து அதை எடைபோடக் கூடாது. ஒரு களப் பணியாளரின் பொறுப்பில் எத்தனை குடும்பங்கள், அவற்றில் எத்தனை பிள்ளைகளைப் பள்ளி மாறும்போதும் பதினேழு வயதிலும் அவர் போய்ப் பார்த்தார் என்று பார்க்க வேண்டும். கடன் காலம் முடியும்போது அந்தப் பணியாளருக்கு அரசுப் பணியிடம் உருவாகியிருந்தால் இந்தத் தீர்ப்பை மேலே திருத்தலாம். சிறப்புப் பயிற்றுநர்களைப் போல அவரும் தொகுப்பூதியத்தில் காத்திருந்தால் கீழே திருத்த வேண்டிவரும்.